இடிக்க வருவதற்கு முன்பே: மும்பைக் குடியிருப்புகளில் அக்கம்பக்கத்தாரின் உரிமையைக் காக்கும் வழிமுறை

சேலத்தில் நிலமற்ற கூலித் தொழிலாளியாக இருந்த பி. அங்கமுத்து, வறட்சியால் வேலை இழந்து 1961-இல் பம்பாய்க்கு வந்தார். தஹிசரில் ஒரு ரசாயன நிறுவனத்தில் நாளுக்கு 23 ரூபாய் கூலிக்கு வேலை கிடைத்தது. வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே ஓரத்து நடைபாதையில் பிளாஸ்டிக் விரிப்பும் தார்ப்பாயும் கொண்டு கட்டிய ஒரு குடிசைக்காக அவரிடமிருந்து 2,500 ரூபாயை ஒரு தாதா பறித்துக்கொண்டார். 1981 ஜூலை 13 அன்று, நடைபாதையிலும் சேரியிலும் வாழ்வோரை அப்புறப்படுத்தி ஊருக்கு அனுப்பப்போவதாக அன்றைய முதலமைச்சர் ஏ.ஆர். அந்துலே அறிவித்தார். பத்து நாளில் அங்கமுத்துவின் குடிசை இடிக்கப்பட்டு, அவர் குடும்பத்தோடு சேலம் செல்லும் பேருந்தில் ஏற்றப்பட்டார். மனைவியும் மகள்களும் சேலத்திலேயே தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்து, மீண்டும் நடைபாதையில் குடிபுகுந்து, உச்ச நீதிமன்றத்தில் மனுதாரர்களுள் ஒருவராக நின்றார்.

1985 ஜூலை 10 அன்று வெளிவந்த அந்தத் தீர்ப்பு, மனுதாரர்களுள் இன்னொருவரான பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸின் பெயரால் அறியப்படுகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமைக்குள் பிழைப்புரிமையும் அடங்கும் என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் அதை வைத்தே கற்பிக்கிறார்கள். ஆனால் தீர்ப்பின் மறுபாதியைத்தான் மும்பையில் வாழும் நம் தமிழ் மக்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நடைபாதையிலிருந்து வெளியேற்றவே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. முன்னறிவிப்பு தர வேண்டும், அவர்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்றது. 1976-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எண்ணப்பட்டு அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மாற்றிடம் தர வேண்டும் என்றது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருந்து, மேம்படுத்தவும் பட்ட குடியிருப்பைப் பொதுத்தேவை இல்லாமல் அகற்றக்கூடாது என்றும், அகற்றினால் மாற்றிடம் தர வேண்டும் என்றும் சொன்னது. கணக்கில் வந்தவருக்குக் கதவு திறந்தது, கணக்கில் வராதவருக்குத் திறக்கவில்லை. ஆகவே இந்த நகரத்தில் மனித உரிமையைக் காக்க முனைபவர் கோஷத்திலிருந்து தொடங்காமல் கணக்கிலிருந்தும் காகிதத்திலிருந்தும் தொடங்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை.

இதைச் செய்ய வழக்கறிஞராகவோ தலைவராகவோ இருக்க வேண்டியதில்லை. தனியாகவோ பிறரோடு சேர்ந்தோ மனித உரிமைகளுக்காகப் பாடுபடும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று ஐ.நா. பொதுச்சபை 1998 டிசம்பர் 9 அன்று ஒரு பிரகடனத்தையே நிறைவேற்றியிருக்கிறது. இதற்கென்று அடையாள அட்டையோ பதவியோ கிடையாது. தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ மான்குர்திலோ மால்வணியிலோ பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடியவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் ஆள் சேருங்கள்

தனியாள் ஒருவர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் அலையத் தொடங்கினால், அவரை மிரட்டுவதும் எளிது, விலைக்கு வாங்குவதும் எளிது. ஒரு சந்துக்கு ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட குழு போதும். அதில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும், ஏனென்றால் நோட்டீஸ் ஒட்ட வருபவரும் சர்வே எடுக்க வருபவரும் பகலில்தான் வருகிறார்கள், அப்போது வீட்டில் இருப்பவர்கள் பெண்களே. நகர்சேவக்கின் (மாநகராட்சி உறுப்பினரின்) ஆள் ஒருவர் குழுவில் இருப்பதில் தவறில்லை, ஆனால் பதிவேடு அவர் கையில் மட்டும் இருக்கக்கூடாது.

அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி பிள்ளைகளைக் கடத்திச் சென்ற காலத்தில், 1977 ஏப்ரல் 30 அன்று பதினான்கு தாய்மார்கள் பியூனஸ் அயர்ஸ் நகரின் மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டமாக நிற்கக்கூடாது என்று காவலர்கள் விரட்டியதால், அவர்கள் இருவர் இருவராகச் சதுக்கத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். வாரந்தோறும் வியாழக்கிழமை நடந்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் அந்தக் குழுவைத் தொடங்கியவர்களுள் மூவர் கடத்திக் கொல்லப்பட்ட பின்னும் அந்த நடை நிற்கவில்லை. இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள், பெரும்பாலும் தாய்மார்கள், 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோவில் முன் அமர்ந்து தொடங்கிய போராட்டமும் இதே தன்மை கொண்டது. குறித்த இடத்தில், குறித்த நாளில், தவறாமல் கூடுவதால்தான் அவர்களை யாராலும் கலைக்க முடியவில்லை. உங்கள் குழுவும் மாதம் ஒருமுறையாவது, சிக்கல் எதுவும் இல்லாத காலத்திலும், ஒரே நாளில் கூட வேண்டும். நோட்டீஸ் வந்த பிறகு கூட்டம் சேர்ப்பது யாராலும் முடியும், ஆனால் அது நிலைப்பதில்லை.

கணக்கெடுப்பு

கோலார் தங்கவயலில் பிறந்து பிழைப்புக்காகப் பம்பாய் வந்த ஜோக்கின் அற்புதம், ஜனதா காலனியில் குடியிருந்தார். குப்பை அள்ள முனிசிபாலிட்டி வராதபோது, அவர் அங்கிருந்த பிள்ளைகளைத் திரட்டி, குப்பையைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டச்செய்து, அலுவலக வாசலிலேயே கொண்டுபோய்க் கொட்டச் சொன்னார். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக அந்தக் காலனி 1976-இல், நெருக்கடி நிலையின்போது அகற்றப்பட்டது. அங்கிருந்தவர்கள் இன்றைய சீத்தா கேம்ப்புக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பிற்காலத்தில் அவர் முன்னெடுத்த தேசிய சேரிவாசிகள் கூட்டமைப்பும், ஸ்பார்க் என்ற அமைப்பும், நடைபாதைப் பெண்கள் சேர்ந்த மகிளா மிலனும், சேரி மக்கள் தங்களைத் தாங்களே எண்ணிக்கொள்வதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தன. 1985-இல் நடந்த நடைபாதைவாசிகள் கணக்கெடுப்பு அதில் ஒரு முக்கியமான கட்டம். இந்த முறை பின்னர் தென்னாப்பிரிக்காவுக்கும் கென்யாவுக்கும் சென்றது, அங்குள்ள குடிசைவாசிகளும் தங்கள் வீடுகளைத் தாங்களே எண்ணத் தொடங்கினார்கள். நம் ஊர்க்காரர் ஒருவர் பங்கெடுத்து வளர்த்த முறை இது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

ஒரு நீளமான கணக்குப் பதிவேடு வாங்கிக்கொள்ளுங்கள். கைபேசியில் மட்டும் எழுதி வைக்க வேண்டாம். சந்தின் தொடக்கத்திலிருந்து வீடுகளுக்கு வரிசை எண் கொடுத்து, கதவின் மேல் பெயின்டால் எழுதி, கையால் ஒரு வரைபடமும் போடுங்கள். கழிப்பறை, குழாய், கோவில், அங்கன்வாடி, ஓடும் நாலா (சாக்கடைக் கால்வாய்) எல்லாம் அதில் இருக்கட்டும். பிறகு வீடு வீடாக உட்கார்ந்து எழுதுங்கள்: குடும்பத்தில் எத்தனை பேர், எந்த ஆண்டு வந்தார்கள், வீட்டை யாரிடமிருந்து வாங்கினார்கள், மிகப் பழைய லைட் பில்லின் தேதி என்ன, வாக்காளர் பட்டியலில் எந்த ஆண்டு முதல் பெயர் இருக்கிறது, போட்டோபாஸ் (சேரிவாசிகளுக்கு அரசு தந்த படத்துடன் கூடிய அடையாள அட்டை) இருக்கிறதா, முந்தைய சர்வேயின் பாவதி (ரசீது) இருக்கிறதா, பிள்ளைகள் எந்தப் பள்ளியில் எந்த மொழியில் படிக்கிறார்கள், படுக்கையில் கிடப்பவரோ கர்ப்பிணியோ இருக்கிறாரா. ஒவ்வொரு பக்கத்திலும் அந்த வீட்டாரின் கையெழுத்தையோ கைநாட்டையோ வாங்குங்கள்.

மாடியில் குடியிருப்பவரையும் வாடகைக்கு இருப்பவரையும் தவறாமல் எழுதுங்கள். இதற்கு வீட்டுக்காரர்களிடமிருந்து எதிர்ப்பு வரும். "அண்ணாச்சி, அவங்க பேரை எழுதுனா நாளைக்கு வீட்டை அவங்களே கேப்பாங்கல்ல?" என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். குடியிருப்பதை எழுதுவதால் உடைமை மாறிவிடாது என்பதையும், உண்மையில் இருப்பவரை மறைத்த பதிவேட்டை அதிகாரிகள் ஒரே நாளில் பொய்யென்று காட்டிவிடுவார்கள் என்பதையும் பொறுமையாகச் சொல்லுங்கள். என் கருத்தில், வாடகைக்காரரை விட்டுவிட்டு எடுத்த கணக்கு மனித உரிமைக் கணக்கே ஆகாது.

காகிதங்களைச் சரிசெய்வது

மகாராஷ்டிரத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து குடியிருப்பதாக நிறுவுபவருக்குத்தான் இலவச மறுவாழ்வு வீட்டுக்கான சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அதற்குப் பின், 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்குக் கட்டணத்துடன் கூடிய வாய்ப்பு உண்டு. ஆகவே அந்த இரு தேதிகளுக்கும் முந்தைய ஒரு லைட் பில், ஒரு வாக்காளர் பட்டியல் நகல், ஒரு பள்ளிச் சான்றிதழ் ஆகியவை ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றும்.

தாராவி லேபர் கேம்ப்பில் ஒரு பாட்டி, இரும்புப் பெட்டியின் அடியில், பட்டுப்புடவைக்குள் சுருட்டி வைத்திருந்த பழைய லைட் பில்லை எடுத்துக் காட்டினார். மடிப்பில் கிழிந்து நான்கு துண்டாகியிருந்தது, மீட்டர் எண் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்த எண்ணை வைத்து மின் நிறுவனத்தில் பழைய கணக்கு விவரத்தைக் கேட்டு எழுத முடிந்தது. இத்தகைய காகிதம் எதன் மூலத்தாளையும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். மூன்று நகல் எடுத்து, ஒன்றை வீட்டிலும், ஒன்றைக் குழுவிடமும், ஒன்றை வேறு பகுதியில் இருக்கும் உறவினரிடமும் வையுங்கள். மூலத்தை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு ஜூலையிலும் தண்ணீர் வீட்டுக்குள் வரும் இடங்களில் பெட்டியின் அடித்தட்டுதான் முதலில் நனைகிறது.

தமிழர்களுக்கு உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஊரில் முதலெழுத்தோடு "ச. முருகன்" என்று இருந்தவர், இங்கே படிவத்தில் குடும்பப்பெயர் கேட்டதால் ரேஷன் கார்டில் "முருகன் சண்முகம்" என்றும், ஆதாரில் சாதிப்பெயர் சேர்ந்து வேறொரு மாதிரியாகவும், வாக்காளர் பட்டியலில் மராத்தி எழுத்தர் கேட்டெழுதிய இன்னொரு மாதிரியாகவும் இருப்பார். மறுவாழ்வு வீட்டுக்குத் தகுதியானவர்களின் பட்டியலில் (தகுதிப் பட்டியல்) பெயர் விடுபடுவதற்கு இது ஒரு பெரிய காரணம். கணக்கெடுக்கும்போதே எந்தத் தாளில் எப்படி இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, எல்லாப் பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று நோட்டரி முன் அபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) எழுதி வையுங்கள், தேவைப்பட்டால் கெஜட்டிலும் திருத்தம் போடுங்கள். மற்றொன்று: ஆதார் நகல்களை வாட்ஸ்ஆப் குழுவில் போட வேண்டாம். மக்கள் நம்பிக் கொடுத்ததைக் காப்பதும் உரிமைக் காப்பில் சேரும்.

தகவல் கேட்பது

உங்கள் நிலம் யாருடையது, எந்தத் திட்டத்தில் வருகிறது, சர்வே எடுத்தது யார் ஆணைப்படி என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேளுங்கள். விண்ணப்பத்தில் பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மகாராஷ்டிர விதிப்படி ஒரு விண்ணப்பத்தில் ஒரு பொருளைத்தான் கேட்கலாம், அதுவும் 150 சொற்களுக்குள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மராத்தியில் எழுதினால் காரியம் விரைவாக நடக்கிறது, பள்ளியில் மராத்தி படிக்கும் நம் பிள்ளைகளையே எழுதச் சொல்லலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்வதை எழுத்தில் கொண்டுவர அதிகாரி உதவ வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. முப்பது நாளில் பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். உயிரோ தனிமனித சுதந்திரமோ சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில் தர வேண்டும், அதை விண்ணப்பத்தின் மேலேயே எழுதுங்கள். வார்டு அலுவலகத்தில் எதைக் கொடுத்தாலும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

நோட்டீஸ் வந்த நாள்

நோட்டீஸை வாங்க மறுப்பது பயனற்றது, கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள். வாங்கி, வாங்கிய தேதியை எழுதி, அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் வந்திருக்கிறது என்று பாருங்கள். மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 351-ஆம் பிரிவு அனுமதியில்லாத கட்டுமானத்துக்குக் காரணம் கேட்பது, அதற்குக் கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுத்தே ஆக வேண்டும். 314-ஆம் பிரிவு தெரு, நடைபாதை ஆக்கிரமிப்பை முன்னறிவிப்பின்றியே அகற்ற ஆணையருக்கு அதிகாரம் தருவது. அங்கமுத்து வழக்கில் பரிசீலிக்கப்பட்டது இந்தப் பிரிவுதான். அது முன்னறிவிப்பைத் தவிர்க்க அனுமதிக்கிறதே தவிர, தவிர்த்தாக வேண்டும் என்று கட்டளையிடவில்லை என்று நீதிமன்றம் விளக்கியது.

உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13 அன்று, இடிப்பதற்கு முன் குறைந்தது 15 நாள் அவகாசத்துடன் பதிவுத் தபாலில் நோட்டீஸ், நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்பு, காரணம் காட்டிய ஆணை, இடிப்பதை வீடியோ எடுப்பது ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், ஆறு அல்லது நீர்நிலை ஓரம் போன்ற பொது இடங்களில் அனுமதியின்றிக் கட்டப்பட்டவற்றுக்கும், நீதிமன்றமே இடிக்கச் சொன்னவற்றுக்கும் இந்த நெறிமுறைகள் பொருந்தா. இந்த விதிவிலக்கை மறைத்துவிட்டு மக்களுக்கு நம்பிக்கை தருவது துரோகம். ரயில் பாதையோரச் சந்து என்றால் முதல் நாளே வழக்கறிஞரிடம் போங்கள்.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்பது தடையாக இருக்கக்கூடாது. பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், தொழில்துறைத் தொழிலாளர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணையம் இலவசமாக வழக்கறிஞரை நியமிக்க வேண்டும். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். வீட்டுப் பெண்ணின் பெயரில் மனுப் போடுவது இதனாலேயே நல்லது. அந்த வழக்கறிஞரின் முன் உங்கள் பதிவேட்டை வைக்கும்போதுதான், அத்தனை இரவுகள் எழுதியதன் பலன் தெரியும்: ஸ்டே கேட்கும் மனுவில் அவருக்கு வேண்டியதெல்லாம் ஏற்கனவே அட்டவணையாக இருக்கும்.

இடிக்கும் நாளிலும் அதற்குப் பின்னும்

யந்திரத்தின் முன் படுப்பதையோ அதிகாரியின் கையைப் பிடிப்பதையோ நான் பரிந்துரைக்க மாட்டேன். அரசுப் பணியைத் தடுத்ததாக வழக்குப் போட்டால், குழுவின் முக்கியமானவர்கள் மாதக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைவார்கள். இருவர் வீடியோ எடுக்கட்டும், ஒருவர் ஆணையின் நகலைக் கேட்கட்டும், ஒருவர் அதிகாரிகளின் பெயரையும் பதவியையும் நேரத்தையும் எழுதட்டும், மற்றவர்கள் மருந்து, சிலிண்டர், பாடப்புத்தகம், காகிதப்பெட்டி ஆகியவற்றை வெளியே கொண்டுவரட்டும். பொருள் சேதத்துக்குப் பஞ்சநாமா (சாட்சிகள் முன் எழுதும் பதிவு) எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் நீங்களே எழுதி அண்டை வீட்டார் ஐவரிடம் கையெழுத்து வாங்குங்கள். யாரையாவது காவலர்கள் அழைத்துச் சென்றால் எந்த நிலையம் என்று கேட்டு உடனே பின்னாலேயே போங்கள். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். தவிர்க்க முடியாத சூழலில் முன் அனுமதி பெற்றாலன்றி, பெண்களைச் சூரியன் மறைந்த பின் கைது செய்யக்கூடாது.

அடித்ததாகவோ மிரட்டியதாகவோ புகார் கொடுக்கப் போனால், மும்பையில் பெரும்பாலும் ஒரு என்.சி. (எஃப்.ஐ.ஆர். பதியாமல் எழுதும் சிறு குற்றப் பதிவு) எழுதிக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய கடுமையான குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டியது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. பதிய மறுத்தால் அதே புகாரைக் காவல் துணை ஆணையருக்கு (டி.சி.பி.) பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தமிழிலேயே புகார் எழுதலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. எட்டாவது அட்டவணை மொழிகள் எதிலும் எழுதலாம், கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் எழுத வேண்டும். அதன் இலவச எண் 14433. மாநில ஆணையத்துக்கு ஏற்கனவே எழுதிய விஷயத்தை மறுபடி தேசிய ஆணையம் எடுக்காது என்பதால் எங்கே எழுதுவது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஆணையம் பரிந்துரைதான் செய்யும், கட்டளையிடாது. ஆனாலும் அது அனுப்பும் ஒரு கடிதத்துக்கு அதிகாரி எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டிவரும், அந்தப் பதில் பின்னர் கோர்ட்டில் உங்களுக்கு உதவும்.

தண்ணீருக்கும் இதே வழிதான். 2000-க்குப் பின் வந்த குடியிருப்புகளுக்கு மாநகராட்சி குழாய் இணைப்பு மறுத்துவந்தபோது, தண்ணீர் உரிமைக்காகப் பாடுபடும் பானி ஹக் சமிதி வழக்குத் தொடுத்தது. குடியிருப்பு சட்டப்படியானதா இல்லையா என்பதைக் காரணமாக்கிக் குடிநீரை அடியோடு மறுக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2014 டிசம்பரில் தீர்ப்பளித்தது. உங்கள் சந்தில் டேங்கருக்கும் கேனுக்கும் ஒவ்வொரு வீடும் மாதம் எவ்வளவு செலவழிக்கிறது என்பதைப் பதிவேட்டில் ஒரு பத்தியாகச் சேர்த்தால், அதுவே மனுவின் மையமாகிவிடும்.

தகுதிப் பட்டியல் வந்த பிறகுதான் குழுக்கள் உடைகின்றன. பெயர் வந்தவர்கள் சாவிக்குக் காத்திருக்கத் தொடங்குகிறார்கள், பெயர் வராதவர்கள் தனித்து விடப்படுகிறார்கள். குழுவின் தொடக்கக் கூட்டத்திலேயே, கடைசிக் குடும்பத்தின் மேல்முறையீடு முடியும்வரை பதிவேட்டை மூடுவதில்லை என்று எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு தீர்மானம் எழுதி வையுங்கள். பட்டியல் ஒட்டப்பட்ட அன்றே விடுபட்ட பெயர்களைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, எந்தக் காரணத்தால் விடுபட்டது என்று வீடுவாரியாகப் பிரித்து, காகிதம் குறைந்தவருக்குக் காகிதம் தேடவும், பெயர் மாறியவருக்கு அபிடவிட் போடவும், வாடகைக்காரர் என்று நீக்கப்பட்டவருக்கு வழக்கறிஞரைப் பார்க்கவும் ஆள் பிரித்து அனுப்புங்கள். மேல்முறையீட்டுக்கான கெடு அந்தப் பட்டியலின் அடியிலேயே மராத்தியில் எழுதியிருக்கும், முதலில் அதைப் படித்துச் சந்து முழுவதற்கும் சொல்லுங்கள்.